பஸ்கா ஆட்டை பாவத்துக்காகவா அடிச்சாங்க? யோவான் 1:29ல காட்டற ஆட்டுக்குட்டி எது?

நெல்லை_பெஞ்சமின்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வாலிபர் கூட்டத்துல யாத்திராகமம் 12 எடுத்து பேசிட்டு இருந்தோம், எகிப்துல அடிமையா இருந்த இஸ்ரவேலர் விடுதலையாகி கெளம்பற ராத்திரி பஸ்கா ஆட்ட அடிச்சு வாசல்ல ரத்தம் பூசற அதிகாரம். ஒரு பையன், காலேஜ் படிக்கிறான், வாய் சும்மா இருக்காது, எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே இந்த அதிகாரம் முழுக்க பாவத்த பத்தி ஒரு பேச்சும் இல்லையே, அப்புறம் எப்படி பஸ்கா ஆட்டுக்குட்டி நம்ம பாவத்துக்காக செத்த இயேசுவோட நிழல், அதாவது முன்னடையாளம்னு சொல்றீங்க?" பெரியவர் ஒருத்தர் அவன உக்கார வச்சுட்டாரு, ஆனா கேள்வி உக்காரல.

வீட்டுக்கு வந்து பாத்தா அவன் சொல்றது சரியாத்தான் இருக்கு. சரி வேற எங்கயாவது இருக்கும்னு தேடினா, பாவநிவிர்த்தி நாள்ல (லேவியராகமம் 16) ஜனங்களோட பாவத்த சுமக்கறது ஆட்டுக்குட்டி இல்ல, வெள்ளாட்டுக்கடா, அதுவும் அத வெட்டறதே இல்ல, உசுரோட வனாந்தரத்துக்கு துரத்தி விட்டுடறாங்க, அதான் போக்காடு. தினம் காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ரெண்டு ஆட்டுக்குட்டி பலி குடுக்கணும்னு யாத் 29ல இருக்கு, அங்கயும் பாவத்த பத்தி ஒண்ணும் சொல்லல. ஈசாக்கு ஆட்டுக்குட்டி எங்கப்பான்னு கேக்கறான், கடைசில புதர்ல மாட்டிக்கிட்டு நிக்கறது கடா. ஏசாயா 53ல ஆட்டுக்குட்டி வருது, ஆனா அங்க சத்தம் போடாம இருந்தாருங்கறதுக்குத்தான் அந்த உவமை.

அப்போ யோர்தான் பக்கத்துல நின்னு யோவான்ஸ்நானன் "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி"ன்னு கை காட்டினப்போ கேட்டவங்க எந்த ஆட்ட நெனச்சிருப்பாங்க? ஒரே ஒரு வசனத்த போட்டுட்டு ஓடிடாதீங்க, கொஞ்சம் விளக்கமா எழுதுங்க ப்ளீஸ்.

கல்வாரி_அன்பு:

பிரதர் இதுல குழப்பிக்க ஒண்ணுமே இல்ல. எகிப்துல அந்த ராத்திரி வீட்டுக்கு ஒரு தலைப்பிள்ளை சாகணும், சாகல, ஏன்னா அந்த இடத்துல ஆட்டுக்குட்டி செத்துச்சு. பதிலாள். இவ்வளவுதான் சுவிசேஷம். எபிரெயர் 9:22 சொல்லுது இரத்தஞ்சிந்துதல் இல்லாம மன்னிப்பு இல்லன்னு. 1 கொரிந்தியர் 5:7ல பவுல் நேரடியாவே நம்முடைய பஸ்காவாகிய கிறிஸ்துன்னு சொல்லிட்டாரு. பையனுக்கு ஜெபத்தோட சொல்லிக்குடுங்க, ரொம்ப ஆராய்ச்சில விட்டுடாதீங்க.

பழையஏடு:

அன்பு அண்ணே, நீங்க சொன்ன ரெண்டு வசனத்தையும் அதுக்கு முன்னாடி பின்னாடி சேத்து படிச்சா வேற ஒண்ணு தெரியுது.

1 கொரி 5ல பவுல் பேசற விஷயம் என்ன? சபையில ஒருத்தன் தகப்பனோட மனைவிய வச்சிருக்கான், சபை அத பெருமையா பேசிக்கிட்டு இருக்கு. பவுல் கேக்கறது, பஸ்கா ஆட்டையே அடிச்சாச்சு, இன்னுமா வீட்ல புளிச்ச மாவு வச்சிருக்கீங்க, தூக்கி வெளிய போடுங்கன்னு. அதாவது விடுதலை ஆரம்பிச்சாச்சு, பழைய எகிப்து வாழ்க்கை இன்னும் எதுக்குன்னு கேக்கறாரு. கடன் கட்டின கணக்கு அந்த பத்தியில எங்கயும் வரல.

எபி 9:22லயே முதல் பாதிய பாருங்க, "கொஞ்சங்குறைய எல்லாம்" இரத்தத்தினால சுத்திகரிக்கப்படும்னுதான் இருக்கு. ஏன் கொஞ்சங்குறைய? லேவி 5:11 படிச்சா புரியும். ஆட்டுக்கு வழியில்லாதவன் ரெண்டு புறா கொண்டு வரலாம், அதுக்கும் வழியில்லையா, ஒரு எப்பாவுல (அந்தக் கால அளவு) பத்துல ஒரு பங்கு மெல்லிய மாவு கொண்டு வந்தா போதும், எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம், அவனுக்கு மன்னிப்பு உண்டு. வெறும் மாவு! ரத்தமே இல்ல. இத எந்த கன்வென்ஷன் மேடையிலயும் நான் கேட்டதில்ல.

இப்போ யாத் 12. பத்தாம் தேதி ஒரு வயசு ஆண்குட்டி, பழுதில்லாதது, எடுத்து கட்டி வைக்கணும். செம்மறியாவும் இருக்கலாம் வெள்ளாடாவும் இருக்கலாம் (5ஆம் வசனம், நிறைய பேர் கவனிக்கறதில்ல). பதினாலாம் தேதி சாயங்காலம் அடிக்கணும், ஈசோப்புங்கற செடிக் கொத்துல ரத்தத்த தொட்டு நிலைக்கால்லயும் மேல்சட்டத்துலயும் பூசணும். அப்புறம் முக்கியமான வேலை சாப்பிடறது. நெருப்புல சுட்டு, புளிப்பில்லா அப்பத்தோட, கசப்பான கீரையோட. இடுப்புல கச்சை, கால்ல செருப்பு, கைல தடி. விடியற வரைக்கும் ஒண்ணும் மிச்சம் வைக்கக் கூடாது. பலிபீடம் கிடையாது, ஆசாரியன் கிடையாது, குடும்பம் மட்டும்தான், ஆள் பத்தலன்னா பக்கத்து வீட்டையும் சேத்துக்கணும். இது அடிமைங்க ஊர விட்டு கெளம்பற ராத்திரி சாப்பாடு. ரத்தம் எதுக்குன்னா உங்களுக்கு அடையாளமா இருக்கும்னு 13ஆம் வசனமே சொல்லுது.

இன்னொண்ணு. யாத் 8:26ல மோசே பார்வோன் கிட்ட சொல்றாரு, எகிப்தியர் கண்ணு முன்னாடி அவங்களுக்கு அருவருப்பானத நாங்க பலியிட்டா எங்கள கல்லால அடிப்பாங்களேன்னு. எகிப்துல ஆட்டுக்கடா சாமி சம்பந்தப்பட்ட விலங்கு. ஃக்னூம் சாமிக்கு கடா தலை, ஆமூனுக்கும் கடாதான் அடையாளம், கர்னாக் கோயிலுக்கு போற பாதையில ஆட்டுத்தல ஸ்பிங்க்ஸ் வரிசையா உக்காந்திருக்கு. அதனால யூத விளக்க மரபுல ஒரு பக்கம் என்ன சொல்றாங்கன்னா, எஜமானோட சாமிய அவன் கண்ணு முன்னாடி கட்டி வச்சு அடிச்சு வாசல்லயே ரத்தத்த பூசறதுங்கறது அடிமை பண்ற முதல் கலகம்னு. வரலாறா இத நிரூபிக்க முடியாது, ஆனா இப்படியும் ஒரு வாசிப்பு இருக்குன்னு அந்தப் பையனுக்கு சொல்லுங்க, ரசிப்பான்.

கருப்பசாமி_பேரன்:

நான் கிறிஸ்டியன் இல்ல, சும்மா படிச்சுட்டு இருந்தேன். நீங்க எழுதினத பாத்தா எங்க குலசாமி கோயில் கெடாவெட்டுதான் ஞாபகம் வருது. அங்கயும் பாவம் கீவம்னு யாரும் பேச மாட்டாங்க, நேர்த்திக்கடன், வெட்டி, சமைச்சு, பங்காளிங்க எல்லாம் உக்காந்து சாப்பிட்டு மிச்சம் வைக்காம கெளம்பறது. அதுக்கு உங்க ஆளுங்க மைக்க வச்சு திட்டறாங்க, ஆனா உங்க பாட்ட கேட்டா முதல் வரியில இருந்து ரத்தம் ரத்தம்னே வருது. தப்பா எடுத்துக்காதீங்க, உண்மையாவே புரியாமத்தான் கேக்கறேன்.

பழையஏடு:

தப்பே இல்ல நண்பா. லேவியராகமத்துல இதுக்கு பக்கத்துல வர்றது சமாதான பலி, கொழுப்பு பலிபீடத்துல எரியும், ஒரு பங்கு ஆசாரியனுக்கு, மீதி கொண்டு வந்தவன் வீட்டாரோட சாப்பிடணும். நேர்ந்துகிட்டதுக்காக குடுக்கறதும் அதுல ஒரு வகை. அதனால நீங்க நெனச்சது அவ்வளவு தூரம் இல்ல.

ஆனா பைபிளுக்குள்ளயே இந்த பலி மேல பெரிய சண்டை ஓடுது. சங்கீதம் 50ல கடவுளே கேக்கறாரு, நான் என்ன எருது மாம்சம் தின்னு ஆட்டு ரத்தம் குடிக்கிறவனான்னு. ஓசியா பலிய இல்ல இரக்கத்தத்தான் விரும்புறேன்னு சொன்னத இயேசு மத்தேயுல ரெண்டு தடவை எடுத்து சொல்றாரு. மீகா 6 இன்னும் காரசாரமா இருக்கும். மைக்ல திட்டறவங்களுக்கும் சேத்துத்தான் அது எழுதியிருக்கு.

குருமடம்_தேவா:

கத்தோலிக்க பக்கத்துல இருந்து கொஞ்சம். பெஞ்சமின் கேட்ட கேள்விக்கு பதில் யோவான் நற்செய்தியோட கடைசில இருக்கு, முதல் அதிகாரத்துல விதைய போட்டுட்டு 19ல அறுக்கறாரு.

மாற்கு 14:12 படிச்சா இயேசுவோட கடைசி இராவுணவே பாஸ்கா (பஸ்காவ நாங்க இப்படித்தான் சொல்லுவோம்) விருந்துதான். யோவான்ல அப்படி இல்ல. 18:28ல இயேசுவ கூட்டிட்டு வந்தவங்க ஆளுநர் மாளிகைக்குள்ள நுழையல, ஏன்னா தீட்டுப்பட்டா பாஸ்கா உணவு சாப்பிட முடியாது, அதாவது விருந்து இனிமேதான். 19:14ல பிலாத்து தீர்ப்பு சொல்றப்போ பாஸ்காவுக்கு ஆயத்த நாள், ஏறக்குறைய நண்பகல். அந்த சாயங்காலத்துக்குள்ள கோயில்ல ஆடுகள அடிக்கணும். இயேசு சிலுவையில தொங்கற நேரமும் கோயில்ல ஆடு அடிக்கிற நேரமும் ஒண்ணா வருது.

கோயில்ல அது எப்படி நடந்துச்சுன்னு மிஷ்னாங்கற பழைய யூத சட்டத் தொகுப்புல விவரமா இருக்கு. கூட்டத்த மூணு பிரிவா உள்ள விடுவாங்க, கதவ சாத்துவாங்க. குருக்கள் வரிசையா நிப்பாங்க, ஒரு வரிசை கைல வெள்ளிக் கிண்ணம், ஒரு வரிசை கைல தங்கக் கிண்ணம். ரத்தத்த பிடிச்சு கை மாத்தி கை மாத்தி பலிபீடத்துகிட்ட போற வரைக்கும் 113ல இருந்து 118 வரைக்கும் திருப்பாடல் (சங்கீதம்) பாடிட்டே இருப்பாங்க. ஒரு வருஷம் ரெண்டரை லட்சத்துக்கும் மேல ஆடுன்னு முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதியிருக்காரு, அந்த எண்ணிக்கைய யாரும் அப்படியே நம்பறதில்ல, ஆனா எருசலேம் அன்னிக்கு எப்படி நாறியிருக்கும்னு யோசிக்கலாம்.

இப்போ யோவான் போடற சின்னச் சின்ன குறிப்புகள பாருங்க. புளிச்ச திராட்சை ரசத்த ஈசோப்புத் தண்டுல வச்சு குடுக்கறாங்க, நெலைக்கால்ல ரத்தம் பூசின அதே செடி. மத்த ரெண்டு பேர் கால முறிக்கறாங்க, இவர் கால முறிக்கல, "எலும்பு எதுவும் முறிபடாது"ங்கற மறைநூல் வாக்கு நிறைவேறினதுன்னு அவரே எழுதறாரு. அது விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 12:46ல ஆட்டுக்கு போட்ட சட்டம் (நீதிமான பத்தின திருப்பாடல் 34லயும் இருக்கு, அதையும் மறுக்கல). கவனிச்சீங்கன்னா மாற்கு சொல்ற விருந்து மேசையில ஆட்டுக்கறி இருந்ததா ஒரு பேச்சும் இல்ல, அப்பமும் கிண்ணமும்தான் வருது. யோவான்ல கடைசி உணவுல அதுகூட இல்ல, கால் கழுவறதுதான் இருக்கு. அவருக்கு ஆடு மேசையில இல்ல, மலை மேல இருக்கு.

கல்வாரி_அன்பு:

அப்போ மாற்கு சொன்னது தப்பு யோவான் சொன்னது சரின்னு சொல்றீங்களா? வேதத்துல முரண்பாடு கெடையாது. அன்னிக்கு ரெண்டு காலண்டர் இருந்துச்சு, சாக்கடல் ஓரத்துல இருந்த கும்ரான் யூதக் குழுவுக்கு வேற காலண்டர், இயேசு அதுபடி முன்னாடியே சாப்பிட்டுட்டாரு.

குருமடம்_தேவா:

தப்புன்னு நான் சொல்லவே இல்லையே அண்ணா. நீங்க சொல்ற கருத்த ஆனி ஜோபேர்னு ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் 1957ல புத்தகமாவே போட்டாங்க, அவங்க கணக்குப்படி இராவுணவு செவ்வாய்க்கிழமை. திருத்தந்தை (போப்) 16ஆம் பெனடிக்ட் 2007 பெரிய வியாழன் மறையுரையில கும்ரான் காலண்டர சாதகமாத்தான் பேசினாரு, ஆனா 2011ல வந்த அவரோட புத்தகத்துல யோவான் கணக்கு பக்கம் சாஞ்சுட்டாரு. எப்படி வச்சுகிட்டாலும் சரி, யோவான் எழுதினப்போ அவர் மனசுல ஆடு அடிக்கிற நேரம் இருந்துச்சுங்கறதுல மாத்தமில்ல.

பண்ணைக்கடல்:

யாழ்ப்பாணத்தில இருந்து. நான் ஒரு விசயம் சேர்க்கிறன். இயேசுவை ஆட்டுக்குட்டியாக் கீறுறது (வரையிறது) ஒரு காலத்தில பெரிய பிரச்சினையா வந்தது தெரியுமோ. 692இல கொன்ஸ்தாந்திநோபிளில கூடின ட்ரூல்லோ சங்கம் 82ஆவது சட்டத்தில இனி ஆட்டுக்குட்டியாக் கீற வேண்டாம், மனுச உருவத்தில கீறுங்கோ எண்டு சொல்லிப்போட்டுது. நிழல் போய் நிசம் வந்திட்டுது, பிறகு ஏன் நிழல் எண்டதுதான் அவையின்ர நியாயம். உரோமையில பாப்பரசர் முதலாம் செர்ஜியுஸ் அந்தச் சங்கத்தின்ர சட்டங்களில கையெழுத்து வைக்கேலாது எண்டு நிண்டவர். அதே செர்ஜியுஸ்தான் பூசையில அப்பம் பிடுற நேரம் "இறைவனின் செம்மறியே" எண்டு குருவும் சனமும் பாட வேணும் எண்டு கொண்டு வந்தவர். நாங்கள் ஒவ்வொரு பூசையிலயும் சொல்லுறமே, அதுதான்.

ஆனா கிழக்குச் சபையள் ஆட்டுக்குட்டியை விட்டிட்டினம் எண்டு நினைக்க வேண்டாம். ஓர்த்தடொக்ஸ் வழிபாட்டில அப்பத்தில சதுரமா வெட்டி எடுக்கிற துண்டுக்குப் பெயரே ஆட்டுக்குட்டிதான். குரு சின்ன ஈட்டி மாதிரி ஒரு கத்தியால அதைக் குத்தி, ஏசாயாவின்ர அந்த வசனத்தைச் சொல்லித்தான் ஆயத்தம் செய்வார்.

சும்மா_படிக்கிறவன்:

ஆட்டுக்குட்டி ஓவியம்னு சொன்னதும் ஞாபகம் வருது, 2020 ஆரம்பத்துல நெட்ல ஒரே மீமா ஓடுச்சே, பெல்ஜியம் கென்ட் நகரத்து பேராலயத்துல வான் ஐக் அண்ணன் தம்பி வரைஞ்ச பீட ஓவியம், 1432ல முடிச்சது. பிற்காலத்துல யாரோ மேல பூசியிருந்த பெயிண்ட சுரண்டி எடுத்தா உள்ள இருந்த ஆட்டுக்கு அப்படியே மனுசன் மூஞ்சி, ரெண்டு கண்ணும் முன்னாடி பாத்து நம்மளையே மொறைக்குது. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கென்னமோ அந்த ஆடுதான் சரியா இருக்குன்னு தோணுச்சு. நெஞ்சுல இருந்து ரத்தம் கிண்ணத்துல பீச்சி அடிக்குது, ஆனா நின்னுகிட்டு இருக்கு, பாக்கறவன் கண்ண நேரா பாக்குது.

ஸ்டெல்லா_டீச்சர்:

காலண்டர் சண்டை முடிஞ்சுதா தம்பிங்களா? இப்போ நான் ஒண்ணு கேக்கறேன்.

நான் ரொம்ப வருஷமா பெண்கள் ஐக்கியத்துல இருக்கேன். புருஷன் குடிச்சுட்டு அடிக்கிறான்னு அழுதுகிட்டு வர்ற பொண்ணுக்கு என்ன ஆலோசனை குடுக்கறாங்க தெரியுமா, அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஆட்டுக்குட்டி மாதிரி நம்ம ஆண்டவர் வாய திறக்காம இருந்தாரே, நீயும் பொறுத்துக்கோ, உன் சாட்சிய பாத்து அவன் திருந்துவான். இத என் காதால கேட்டிருக்கேன், சொன்னவங்க கெட்டவங்க இல்ல, உண்மையாவே ஆறுதல் சொல்றோம்னு நெனச்சு சொன்னாங்க. அந்த பொண்ணு கைக்கட்டோட திரும்ப வந்துச்சு. அதனால இந்த ஆட்டுக்குட்டி விஷயம் எனக்கு வெறும் ஆராய்ச்சி இல்ல.

இதுக்கு வசன ஆதாரமும் வச்சிருக்காங்க, 1 பேதுரு 2. அங்க ஏசாயா 53ஐ எடுத்து சொல்றது யாருக்குன்னு பாருங்க, வேலைக்காரருக்கு, அதாவது வீட்டு அடிமைங்களுக்கு. அன்னிக்கு ரோம சட்டத்துல அடிமைக்கு போறதுக்கு வேற இடம் கிடையாது, அந்த நெலமையில இருக்கறவனுக்கு எழுதின கடிதம். இன்னிக்கு போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் அம்மா வீடும் இருக்கற பொண்ணுக்கு அத அப்படியே தூக்கி குடுக்கறது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது, தேவ ஆட்டுக்குட்டின்னு சொன்ன அதே யோவான் புத்தகத்துல 18:23 படிங்க. பிரதான ஆசாரியன் முன்னாடி ஒரு சேவகன் இயேசுவ கன்னத்துல அறையறான். வாய திறக்காமலா இருந்தாரு? நான் தப்பா பேசியிருந்தா என்ன தப்புன்னு காட்டு, சரியா பேசியிருந்தா என்ன ஏன் அடிக்கிறேன்னு நேரா கேட்டாரு. பிலாத்துகிட்டயும் அவ்வளவு பேசறாரு. யோவானோட ஆட்டுக்குட்டி பேசற ஆட்டுக்குட்டி. இத யாராவது அந்த பொண்ணுங்களுக்கு சொல்றாங்களா?

ஏசாயா 53ஐயே எடுத்துக்கங்க. அங்க பேசறது யாரு? அடிபட்டவர் பேசல, பாத்துகிட்டு நின்னவங்க பேசறாங்க. "நாமோ, அவர் தேவனால் அடிபட்டு"ன்னு நெனச்சுட்டோமே, அவர் நம்ம அக்கிரமத்தால இல்ல அடிபட்டாருன்னு. அந்த பாட்டு அடிவாங்கறவங்களுக்கு எழுதின அறிவுரை இல்ல, வேடிக்கை பாத்தவங்களோட குற்ற ஒப்புதல். நம்ம ஆளுங்க அத தலைகீழா திருப்பி அடிவாங்கறவ கைல குடுத்துட்டாங்க.

பழையஏடு:

ஸ்டெல்லா அக்கா, ரெனே ஜிரார்னு ஒரு பிரெஞ்சு சிந்தனையாளர் இதே பக்கமாத்தான் வர்றாரு. ஒரு ஊருக்குள்ள பகை முத்திப்போனா எல்லாரும் சேந்து ஒருத்தன் தலையில பழிய போட்டு கொன்னுட்டு அமைதியாயிடுவாங்க, அப்புறம் அந்தக் கதைய கொன்னவங்க பக்கமா நின்னு சொல்லுவாங்க. சுவிசேஷம் அத உடைக்குது, செத்தவன் நிரபராதின்னு கூவுதுங்கறாரு. அதனால அவருக்கு தேவ ஆட்டுக்குட்டிங்கறது பலியோட உச்சம் இல்ல, பலிங்கற ஏற்பாட்டையே அம்பலப்படுத்தறது. எல்லாத்துக்கும் இந்த ஒரே சாவிய போடறாருன்னு அவர் மேல குறையும் உண்டு.

நம்ம ஊர் கூட்டங்கள்ல கேக்கற கணக்கு, கடவுளுக்கு கோபம், தண்டனை யார் மேலயாவது விழணும், மகன் மேல விழுந்துச்சுங்கறது, அந்த வடிவத்துல கூர்மையானது கால்வின் காலத்து சீர்திருத்தவாதிங்க கைல. அதுக்கு முன்னாடி 1098 வாக்குல ஆன்செல்ம்ங்கற இறையியலாளர் எழுதினது தண்டனைய பத்தி இல்ல, கடவுளுக்கு சேர வேண்டிய மரியாதைக் கடன பத்தி, நிலப்பிரபு காலத்து யோசனை. அவருக்கு அடுத்த தலைமுறையில அபேலார் அன்ப பாத்து மனசு உருகறதுதான் மீட்புன்னு வேற திசையில போனாரு. ஆட்டுக்குட்டி எல்லார் வீட்டுக்கும் போயிருக்கு, அந்தந்த வீட்டு சட்டைய மாட்டிகிட்டு.

கல்வாரி_அன்பு:

அக்கா சொன்ன விஷயத்துல எனக்கு மாற்றுக்கருத்து இல்ல. அடிக்கிறவன் வீட்ல இருந்து சாகுன்னு எந்த வசனமும் சொல்லல, எங்க சபையில அப்படி சொன்னா நானே எந்திரிச்சு நிப்பேன்.

ஆனா நீங்க எல்லாரும் சேந்து பதிலாள்ங்கறத அப்படியே கழட்டி வச்சுட்டீங்க. அதே 1 பேதுரு 2:24ல என்ன இருக்கு, நம்முடைய பாவங்களை தம்முடைய சரீரத்துல சிலுவையின்மேல் சுமந்தார்னு இருக்கு. ஏசாயா 53:10ல குற்றநிவாரணபலின்னு இருக்கு, வெறும் உவமை இல்ல. 1 பேதுரு 1:19ல குற்றமில்லாத மாசற்ற ஆட்டுக்குட்டியோட விலையேறப்பெற்ற ரத்தம்னு இருக்கு. ஆட்டுக்குட்டி விடுதலைக்கு மட்டும்தான்னா, ராத்திரி தூக்கம் வராம தன் பாவத்த நெனச்சு அழறவனுக்கு என்ன சொல்லுவீங்க? நான் அப்படி அழுதவன். எகிப்துல இருந்து வந்த கதை எனக்கு அப்போ பத்தல, என் இடத்துல ஒருத்தர் நின்னாருங்கறதுதான் என்ன தூக்கி நிறுத்துச்சு.

பழையஏடு:

அண்ணே, கழட்டி வைக்கணும்னு நான் சொல்லல. குற்றநிவாரணபலி வருது உண்மைதான், லேவி 5:15படி அதுக்கு கொண்டு வர வேண்டியது ஆட்டுக்கடா. ஏசாயா 53ல 7ஆம் வசனத்துல மயிர் கத்தரிக்கிறவன் முன்னாடி நிக்கற ஆடு வேற, 10ஆம் வசனத்துல பலி வேற, ரெண்டும் ஒரே பாட்டுல வந்ததால பின்னாடி வந்தவங்க மனசுல ஒண்ணாயிடுச்சு. அப்போஸ்தலர் 8ல எத்தியோப்பிய மந்திரி ரதத்துல உக்காந்து அந்த 7ஆம் வசனத்தத்தான் படிச்சுட்டு "யாரைக் குறித்து சொல்றாரு, தன்னையா வேறொருவரையா"ன்னு கேக்கறாரு. யூதர்கள்ல ராஷி மாதிரி பெரிய உரைகாரங்க அந்தப் பாட்டுல அடிபடற தாசன் இஸ்ரவேல் ஜனம்தான்னு சொல்றாங்க, ஏசாயா 49:3லயே "நீ என் தாசன், இஸ்ரவேலே"ன்னு இருக்கறதால அதுவும் காத்துல இருந்து வந்ததில்ல.

நான் சொல்ல வர்றது, முதல் தலைமுறை கிறிஸ்தவங்க கைல நாலஞ்சு ஆடு இருந்துச்சு, பஸ்கா, தினப்பலி, போக்காடு, ஏசாயாவோட ஆடு, ஈசாக்குக்கு பதிலா வந்த மோரியா மலை கடா. இந்த மரணத்த விளக்க ஒண்ணு பத்தல, எல்லாத்தையும் சேத்து கட்டிட்டாங்க. யோவான் 1:29 அந்த முடிச்சு. நாம அதுல ஒரே ஒரு இழைய மட்டும் இழுத்து இதுதான் மொத்தக் கயிறுங்கறோம். எனக்கு ஆதங்கம் என்னன்னா நம்ம பிரசங்கத்துல காணாம போனது பஸ்காவோட இழைதான், செருப்ப மாட்டிகிட்டு கெளம்பற அந்த இழை.

நெல்லை_பெஞ்சமின்:

அருமையா போகுது. வெளிப்படுத்தின விசேஷத்த யாரும் தொடலயே? அங்கதான ஆட்டுக்குட்டி பக்கத்துக்கு பக்கம் வருது.

பழையஏடு:

எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். அந்த புத்தகத்துல கிறிஸ்துவுக்கு 28 தடவை ஆட்டுக்குட்டின்னு பேர் வருது. 5ஆம் அதிகாரத்துல யோவான் அழுதுட்டு இருக்காரு, சுருள திறக்க ஆளில்ல. ஒரு மூப்பர் சொல்றாரு, அழாதே, யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயிச்சாச்சுன்னு. சரின்னு நிமிந்து பாத்தா சிங்கம் இல்ல, அடிக்கப்பட்ட மாதிரி ஒரு ஆட்டுக்குட்டி நிக்குது. ஏழு கொம்பு, ஏழு கண்ணு. காதுல விழுந்தது சிங்கம், கண்ணுல பட்டது ஆடு. அதுக்கப்புறம் சிங்கம்ங்கற பட்டம் அவருக்கு திரும்ப வரவே இல்ல.

கொம்புள்ள ஆடு யூதர்களுக்கு புதுசும் இல்ல. முதலாம் ஏனோக்குங்கற பழைய யூத நூல்ல 90ஆம் அதிகாரத்துல ஒடுக்கப்பட்ட ஜனங்க ஆடுகளா வர்றாங்க, அதுல ஒண்ணுக்கு பெரிய கொம்பு முளைச்சு சண்டை போடுது, அது யூத கிளர்ச்சித் தலைவன் யூதாஸ் மக்கபேயுதான்னு நிறைய பேர் சொல்றாங்க. சி. எச். டாட் மாதிரி ஆய்வாளர்கள் யோவான்ஸ்நானன் மனசுல இருந்ததே இந்த மாதிரி ஜெயிக்கிற தலைவன்தான்னு வாதாடினாங்க. எனக்கு முழுசா ஒத்துக்க தோணல, ஆனா வெளிப்படுத்தலுக்கு ரொம்பவே பொருந்துது.

எழுதின சூழ்நிலையையும் பாருங்க, ரோம் பேரரசு, அத பாபிலோன்னு மறைபொருளா சொல்றாரு. 18ஆம் அதிகாரத்துல அந்த நகரத்து வியாபாரச் சரக்குப் பட்டியல் பொன், வெள்ளின்னு ஆரம்பிச்சு கடைசில அடிமைகள், மனுஷருடைய ஆத்துமாக்கள்னு முடியுது. இந்தப் பக்கம் 5:9ல ஆட்டுக்குட்டி தன் ரத்தத்தால எல்லா கோத்திரத்துல இருந்தும் ஜனங்கள மீட்டாருன்னு பாட்டு. ரத்தமா மாறற தண்ணி, தவளை, வெட்டுக்கிளி, இருள்னு எகிப்து வாதை எல்லாம் திரும்ப வருது. 15:3ல ஜெயிச்சவங்க கண்ணாடிக் கடல் பக்கத்துல நின்னு என்ன பாட்டு பாடறாங்க? மோசேயின் பாட்டும் ஆட்டுக்குட்டியானவரின் பாட்டும். செங்கடல் தாண்டினப்போ பாடின பாட்டோட எதிரொலி! கடைசி புத்தகத்துல ஆட்டுக்குட்டி நேரா யாத்திராகமத்துக்கே போய் நிக்குது. பெஞ்சமின், உங்க பையன் கேட்ட கேள்விக்கு இதவிட நேரடியா என்னால பதில் சொல்ல முடியாது.

ஸ்டெல்லா_டீச்சர்:

7:17ல ஆட்டுக்குட்டியே மேய்ப்பனா மாறுது, 6:16ல "ஆட்டுக்குட்டியானவருடைய கோபம்"னு வருது, ராஜாக்களும் பெரிய மனுஷங்களும் பயந்து குகைக்குள்ள ஓடி ஒளியறாங்க. ஆட்டுக்கு கோபம் வரும்ங்கறது எனக்கு பிடிச்ச வசனம், ஐக்கியத்துல அடிக்கடி படிப்பேன்.

குருமடம்_தேவா:

ஒரு எச்சரிக்கை சேத்துக்கறேன். இரண்டாம் நூற்றாண்டுல சர்தை நகர ஆயர் மெலித்தோ பாஸ்கா பத்தி ஒரு பெரிய மறையுரை எழுதினாரு, விடுதலைப் பயணத்து ஆட்டையும் இயேசுவையும் வரிக்கு வரி சேத்து, கவிதை மாதிரி இருக்கும். ஆனா பாதிக்கு மேல போனா இஸ்ரயேல்தான் கடவுள கொன்னுச்சுன்னு பழி போடறாரு. யாரோட விடுதலை விழாவோ அவங்க தலையிலயே ஆட்டோட ரத்தப்பழி. எங்க கத்தோலிக்க சபையோட இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965லதான் யூதர் எல்லார் மேலயும் இந்தப் பழிய போடக்கூடாதுன்னு அதிகாரபூர்வமா எழுதிச்சு. வாலிபர் கூட்டத்துல பேசும்போது யூதர்கள் ஏதோ அரைகுறையா ஆடு வெட்டிட்டு இருந்தாங்க, நாம வந்து முழுசாக்கிட்டோம்ங்கற தொனி வராம பாத்துக்கங்க.

கருப்பசாமி_பேரன்:

இப்போ யூதர்கள் அந்தப் பண்டிகைக்கு ஆடு வெட்டறாங்களா? படத்துல எல்லாம் சும்மா மேசை போட்டு சாப்பிடற மாதிரிதான் காட்டறாங்க.

குருமடம்_தேவா:

கி.பி. 70ல ரோமர்கள் கோயில இடிச்சதுல இருந்து பலி நின்னு போச்சு. வீட்ல செதேர் விருந்துத் தட்டுல ஒரு சுட்ட எலும்பு வைப்பாங்க, ஞாபகத்துக்கு, அத சாப்பிடறதில்ல. ஆனா மோசேயோட சட்டத்த கடைப்பிடிக்கற சமாரியர் இன்னிக்கும் பண்றாங்க. நாப்லுஸ் பக்கத்துல கெரிசீம் மலையில, மொத்தமே சில நூறு பேர் உள்ள சமூகம், வெள்ளை உடுப்பு போட்டுகிட்டு, சூரியன் மறையற நேரத்துல பிரதான குரு வாசிக்க வாசிக்க ஆடுகள அடிக்கறாங்க. மண்ணுக்குள்ள ஆழமா தோண்டின அடுப்புல நீளக் கம்பியில குத்தி இறக்கி மூடிடுவாங்க. எலும்ப முறிக்க மாட்டாங்க.

கருப்பசாமி_பேரன்:

அவ்வளவு ஆட்டையும் யாரு சாப்பிடறது, வேடிக்கை பாக்க போற டூரிஸ்டுக்கும் குடுப்பாங்களா?

குருமடம்_தேவா:

இல்ல, அது அவங்களுக்கு மட்டும்தான். விருத்தசேதனம் இல்லாத அந்நியன் சாப்பிடக் கூடாதுன்னு விடுதலைப் பயணம் 12லயே சட்டம் இருக்கு. நடுராத்திரி வாக்குல குடும்பம் குடும்பமா எடுத்துட்டுப் போய் அவசர அவசரமா சாப்பிடுவாங்க, மிச்சத்த நெருப்புல போட்டுடுவாங்க.

கல்வாரி_அன்பு:

லேவி 5:11 மாவு விஷயத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லல. அந்த மாவ பலிபீடத்துல மத்த தகனபலிகளோட சேத்துத்தான் எரிக்கறாங்க, 12ஆம் வசனம் பாருங்க, அப்போ ரத்தத்தோட சேந்துதான வருது. இத தனியா ஒரு பதிவா போடறேன், பழையஏடு தம்பி வந்து பதில் சொல்லணும்.